பனங்கள்ளும் பழுப்பு ஏலும்

மதுவைப் பற்றி வானொலியிற் பேசப் புகுவது சற்றுத் துணிவான செயலே. கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்து வைத்த மொழியில் அது மேலும் துணிவாகும். குடியைப் போற்றுவது என் நோக்கமன்று. ஒரு பானத்தை நல்லதென்றோ தீயதென்றோ மனிதர் எவ்வாறு தீர்ப்புக் கூறினர், யாருடைய தீர்ப்பு ஏட்டில் ஏறியது, யாருடைய தீர்ப்பு ஏறாமற் போயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கு இரண்டு பானங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நமது தீவுப்பகுதியின் பனங்கள். மற்றது இங்கிலாந்தின் பழுப்பு நிற ஏல், அதாவது வாற்கோதுமையிலிருந்து வடிக்கப்படும் ஒருவகைப் பியர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் வேலணைத் தீவு ஒன்று. ஊர்காவற்றுறைத் துறைமுகமும், கரம்பொன், நாரந்தனை, புளியங்கூடல், சுருவில் முதலிய ஊர்களும் அதன்கண் உள்ளன. சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண். ஆறு என்பது இல்லை. மழைநீரைப் பாறை உறிஞ்சி வைத்திருப்பதே கிணற்று நீர். கோடை முற்றினால் அதிலும் உவர் ஏறும். இத்தகைய நிலத்தில் அஞ்சாமல் நிமிர்ந்து நிற்பது பனை. சுருவில் போன்ற ஊர்களில் வேலியும் கூரையும் பாயும் பெட்டியும் ஒடியற் கூழும் பனை தந்தவையே. நல்ல தண்ணீர் அரிதான ஓரிடத்தில், மரத்தின் உச்சியிலிருந்து இனிய நீர் சொட்டுகின்றது என்பது சிறிய செய்தியன்று.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. இந்த டெல்ஃப்ட் நகரம் ஒரு காலத்தில் பியர் வடிப்புக்குப் பேர்போன நகரம் என்பதைப் பலர் அறியார். 17ஆம் நூற்றாண்டில் அத்தொழில் நலிவுற, வெறிதாகிய வடிசாலைக் கட்டடங்களிலே மட்பாண்டத் தொழில் குடிபுகுந்தது. உலகம் புகழும் டெல்ஃப்ட் நீலப் பீங்கான் அங்கே பிறந்தது. மது வடித்த இடத்தில் அவர்கள் கலம் வனைந்தார்கள். நம் நெடுந்தீவிலோ கலமும் மதுவும் என்றும் ஒன்றையொன்று பிரிந்ததில்லை.

ஏனெனில், பனையின் நீர் கள்ளாவதும் ஆகாததும் கலத்தையே பொறுத்தது. பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவி, கீழே முட்டியைக் கட்டுவர். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர். தமிழ்நாட்டார் இதனைப் பதநீர் என்பர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாத முட்டியாயின், காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் துளைகளிலும் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்கள் உடனே தொழிலைத் தொடங்கிவிடும். சர்க்கரை சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். மரத்திலிருந்து இறங்கு முன்னரே அது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு குழந்தைக்குரிய பானத்தையும் தவறணைக்குரிய பானத்தையும் பிரித்து வைக்கின்றது. தவறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதே. அவர்கள் மொழியில் அது தவேர்னா.

இனிக் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்வோம். அந்நாட்டில் ஏலின் தரத்தை ஆராய்வது அரசாங்கக் காரியமாகவே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அப்பத்துக்கும் ஏலுக்கும் விலையும் தரமும் வரையறுக்கும் ஆணை ஒன்று பிறந்தது. அதனை நடைமுறைப்படுத்த ஊர்தோறும் ஏல் சுவைப்போர் என்ற அலுவலர் நியமிக்கப்பட்டனர். புதிதாக வடித்த ஏலைச் சுவைத்து, நன்று என்றால் விற்க விடுவதும், தீது என்றால் வடித்தவருக்குத் தண்டம் விதிக்கச் செய்வதும் அவர் கடமை. நாடகப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியரின் தந்தையார் ஜோன் ஷேக்ஸ்பியர் 1556இல் ஸ்ட்ராட்பர்ட் நகரில் இப்பதவியை வகித்தவர். சுவைப்போர் தோற் காற்சட்டை அணிந்து, மரப்பலகையில் ஏலை ஊற்றி, அதன்மேல் அமர்ந்து, எழும்போது ஒட்டுகின்றதா என்று பார்த்தார்கள் என ஒரு கதையும் உண்டு. கேட்க வேடிக்கையாயிருக்கின்றது, நம்புவதற்குத்தான் கடினம். நாக்கு இருக்கக் காற்சட்டை எதற்கு?

பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்பது மேலும் சுவையான வரலாறு. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைக்கவிட்டு, பின் சூட்டில் உலர்த்துவர். விறகுத் தீயின் கடுஞ்சூட்டில் உலர்ந்த முளைத்தானியம் பழுப்பேறும். வடித்த ஏலும் பழுப்பாகும். 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரத் தொழிலாளர் பருகியது பெரும்பாலும் இத்தகைய பழுப்புப் பானமே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மானி வடிசாலைக்குள் நுழைந்தது. நாக்கு அறியாத ஓர் உண்மையை அது சொல்லிற்று: பழுப்புத் தானியத்தைவிட வெளிறிய தானியமே அதிகச் சர்க்கரையைத் தருகின்றது, ஆகவே விலைக்கு அதுவே இலாபம். வடிப்போர் வெளிறிய தானியத்துக்கு மாறினர். நிறத்துக்காக மட்டும் சிறிது கருக வறுத்த தானியத்தைச் சேர்த்தனர்; அவ்வாறு வறுக்கும் முறைக்கு டானியல் வீலர் என்பவர் 1817இல் காப்புரிமை பெற்றார். நிறம் பழையது, உள்ளீடு புதியது. ஓர் அளவுகருவி ஒரு நாட்டின் பானத்தையே மாற்றிவிட்டது.

இன்று பழுப்பு ஏல் என்று போத்தலில் வருவது 20ஆம் நூற்றாண்டின் படைப்பு. தெற்கே இனிப்பு மிகுந்து கருமை கூடியது ஒருவகை; வடக்கே சற்று உலர்ந்த சுவையும் வலிமையும் கொண்டது மற்றொரு வகை. வடபுலத்தின் நியூகாசில் பழுப்பு ஏல் 1927இல் ஜிம் போர்ட்டர் என்பவரால் வெளியிடப்பட்டது. இதனை மதிப்பிடுவோர் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பர். நிறமும் தெளிவும் நுரையும் பார்ப்பர். பின் முகர்வர்: வறுத்த கச்சானின் மணமா, காய்ச்சிய சீனிப்பாகின் மணமா, சுட்ட பாணின் மேலோட்டு மணமா? பின்னரே வாயில் வைப்பர். ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ தரும் கசப்பு இதில் அடங்கியிருக்க வேண்டும். விழுங்கிய பின் நாவில் நிற்பது இனிப்பா, உலர்வா என்பதே இறுதிக் கேள்வி. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1977இல் உலகப் பியர்களைப் பற்றி வெளியிட்ட நூல், இவ்வகைகளைப் பெயரிட்டுப் பிரித்துப் பேசும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. நமது நாட்டின் லயன் ஸ்டவுட்டைக்கூட அவர் பாராட்டியிருக்கிறார். பனையின் உச்சிவரை அப்புகழ் ஏறவில்லை.

ஏட்டில் ஏறியதால் மட்டும் ஒரு பானம் தன் ஊரில் நிலைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். நியூகாசில் ஏலின் பெயருக்கு 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஊர்சார்ந்த பெயர்க் காப்பு அளித்தது. அந்நகரில் வடித்ததற்கே அப்பெயர். 2005இல் வடிசாலை ஆற்றைக் கடந்து அடுத்த கரையிலுள்ள கேற்ஸ்ஹெட்டுக்குச் சென்றது. காப்பு இடைஞ்சலாயிற்று, உடையவர்களே அதனை நீக்கக் கேட்டுக்கொண்டனர், அது நீக்கப்பட்டது. 2010இல் வடிப்பு யோக்சயரின் டாட்காஸ்டருக்குப் போயிற்று. பெயர் மட்டும் நியூகாசிலில் நின்றது.

சுருவிற் பனையை இவ்வாறு ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோக இயலாது.

தமிழருக்கும் தானிய மது புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பைப் பாடுமிடத்து, மது ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கின்றது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயையுடைய பிழாவில் ஆற்றி, முளைத்த நெல்லின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பச்சை நாற்றம் நீங்க விளைவித்தனராம். முளைத்த தானியமே மதுவின் தாய் என்பதை ஆங்கிலேய வடிப்போரைப் போலவே அந்தக் கடற்கரை மக்களும் அறிந்திருந்தனர். அந்தப் பிழா என்ற கலப்பெயர், யாழ்ப்பாணத்தில் கள் பருகும் பனையோலைப் பிளாவை நினைவூட்டாமற் போகாது. பெயர்களிலேயே மதிப்பீடு அடங்கியிருந்தது: தெளிந்தது தேறல், அரித்து எடுத்தது அரியல், பிழிந்தது பிழி. நாட்பட்ட தேறலின் கடுமையைத் தேளின் கொட்டுக்கும் பாம்பின் சீற்றத்துக்கும் ஒப்பிட்டனர் புலவர். ஓர் ஆங்கிலேய மதிப்பீட்டாளர் எந்தச் சொல்லைத் தேடினாலும் இதனை விஞ்சுதல் அரிது.

பனங்கள்ளை மதிக்கும் முறை வேறு. ஏலைப் போலத் தெளிவை இங்கே எதிர்பார்த்தல் தகாது. கலங்கிய வெண்மையே அதன் இயல்பு, உயிருள்ள நொதி அதில் மிதப்பதால். முதற் கேள்வி நிறமன்று, நேரம். விடியலில் இறங்கியதா, மாலையில் இறங்கியதா? இறங்கி எத்தனை நாழிகை? புதிதாக இறங்கியது இனிப்பு மேலோங்கி, நாவில் மெல்லக் குறுகுறுக்கும். சில நாழிகையில் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று நிறுத்துப் பார்க்கும் சமநிலை வரும். அதுவே அறிந்தவர் விரும்பும் வேளை. பின் புளிப்பு வெல்லும். விட்டுவைத்தால் வினாகிரி ஆகும். ஏல் ஓராண்டு போத்தலில் உறங்கலாம். கள்ளுக்கு ஒரு பகலே ஆயுள். ஆதலால் ஒரே கள்ளை இருமுறை மதிப்பிட ஒருவராலும் முடியாது.

முட்டியைக் கழுவி உலர்த்தாவிடின் பழைய புளிப்பு முதல் மிடற்றிலேயே காட்டிக்கொடுக்கும். மழை பெய்த நாளின் கள் வெளிறும். ஆண்பனையா பெண்பனையா, முதற் பாளையா முற்றிய பாளையா என்று பிரித்தறியும் நாக்குகளும் இருந்தன. நல்ல கள்ளுக்கு வீட்டிலும் ஒரு சோதனை உண்டு: அப்ப மாவிற் சிறிது சேர்த்தால் விடியுமுன் மா பொங்கி நிற்கும். அடுக்களைப் பெண்கள் ஒரு துளியும் பருகாமலே கள்ளின் உயிர்ப்பை அளந்தார்கள். அடர்த்திமானியைவிட இது குறைந்த கருவி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆட்சியாளர் கள்ளை எவ்வாறு அளந்தனர்? சுவையை அல்ல, வருமானத்தை. ஆங்கிலேயர் காலத்தில் மது விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடுதல் தொகை கேட்டவருக்கு அது சென்றது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் ஒரு புது ஒழுங்கைக் கொணர்ந்தது. அக்காலத்திற் கள்ளுத் தவறணைகள் பெருகியதை எதிர்த்து இலங்கையெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. நாட்கூலி வீடு சேருமுன் தவறணையிற் கரைந்த குடும்பங்களின் கண்ணீர் பொய்யன்று. யாழ்ப்பாணத்திற் பின்னர் மரவரி முறையும் இருந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி செலுத்தி அனுமதி பெறவேண்டும். மரம் எண்ணப்பட்டது, முட்டிக்குள் இருந்ததன் தரத்தை எண்ண ஏட்டில் இடமில்லை. இங்கிலாந்தின் ஊர்களுக்கு ஒரு சுவைப்போரை நியமித்த அதே அரசமரபு, தீவுகளுக்கு அனுப்பியது வரி தண்டுவோரையே.

ஆயினும் இங்கே சுவைப்போர் இல்லாமலில்லை. நாள்தோறும் தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பிற் செருகி, காலையும் மாலையும் ஏறி இறங்கியவர்தாம் அவர். எந்த மரத்தின் நீர் எப்படிப்பட்டது, எந்தப் பாளையை எத்தனை நாள் விட்டுப் பிடிக்க வேண்டும், எந்தக் காற்றுக்கு நீர் குறையும் என்பன அவர் நாவிலும் விரலிலும் இருந்தன. கால் வழுவினால் உயிர் அவருடையது. அவர் இறக்கியதைப் பிளாவில் ஏந்திச் சுவை பேசிய சமூகம், அவரைத் தன் திண்ணையில் ஏற்றவில்லை. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் நிறுத்தி வைத்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்த பின்னும் அவ்வாசல்கள் திறக்க 1960களின் போராட்டங்கள் வேண்டியிருந்தன. தாழ்த்தி வைக்கப்பட்ட ஒருவரிடம் அறிவு இருக்கின்றது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாததாலேயே, கள்ளின் தரம் பற்றிய நூல் நம்மிடம் எழவில்லை என்பது என் கருத்து. நூலுக்குரிய அறிவு இல்லாமையால் அன்று.

1972 முதல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மரமேறுவோரே உறுப்பினராகி, தாம் இறக்கியதை அளந்து கொடுத்து விலை பெறும் நிலை உண்டாயிற்று. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கள்ளைச் சூடேற்றி, நுண்ணுயிரை அடக்கிப் போத்தலில் அடைக்கும் முயற்சியும் நடந்தது. போத்தற் கள் நெடுநாள் நிற்கும், தொலைவுக்குச் செல்லும். பகல் முழுதும் மாறிக்கொண்டேயிருக்கும் அந்தச் சுவை மட்டும் அதில் ஓரிடத்தில் உறைந்து நின்றுவிடுகின்றது. தொழில் வாழ அது வேண்டும். கள்ளை அறிய அது போதாது.

பின் போர் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வடக்கெங்கும் பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. இன்று சுருவிலாரின் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். அங்குள்ள கடைத்தட்டிற் பழுப்பு ஏலின் போத்தலைத் திருப்பிப் பார்த்தால், வடித்த ஊர், வலிமை, உட்பொருள் யாவும் அச்சிட்டிருக்கும். ஊரிலே ஏறுவோர் தொகை குறைந்துவிட்டது; இளைஞர் அத்தொழிலுக்கு வருவது அரிதாகின்றது. ஆயினும் தையும் மாசியும் வந்தால் பாளை தள்ளுகின்றது. எஞ்சியிருக்கும் முதியவர் மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து, இது இன்னும் நாலு நாள் பொறுக்க வேண்டும் என்று சொல்கின்றார். அந்த நாலு நாட் கணக்கை அவரிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும்.