மின்னலை நோக்கி ஓடிய இருவர்

லாச்சப்பல் மெற்றோவிலிருந்து நிலத்துக்கடியில் நடந்தே கார் து நோர் நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கே வடக்கு நோக்கிப் புறப்படும் 'டி' தடத்து வண்டியில் ஏறினால் சென் தெனி, கார்ஜ் சார்செல், வில்லியே லெ பெல், கூசன்வீல் என்று நிலையங்கள் வரும். பிறகு லூவ்ர். அருங்காட்சியகம் அல்ல, அதே ஒலிப்புள்ள ஒரு சிற்றூர். அதன் பக்கத்தில்தான் மார்லி லா வீல் இருக்கிறது. இடிமேகத்தின் மின்சாரத்தை மனிதர்கள் முதன்முதலாகக் கம்பி நட்டு இறக்கிப் பார்த்தது இங்கேதான். நாள்: 1752 மே 10.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததெல்லாம் பெஞ்சமின் பிராங்க்ளினின் பட்டத்தைப் பற்றித்தான். யோசனை அவருடையது என்பதில் சந்தேகமில்லை. உயரமான இடத்தில் கூர்மையான இரும்புக் கம்பி ஒன்றை நட்டு வைத்தால், மின்னலும் மின்சாரமும் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும் என்று அவர் எழுதினார். அது 1751இல் லண்டனில் புத்தகமாக வந்தது. அறிஞர் பியூஃபோன் அதைப் பிரெஞ்சில் கொண்டுவர விரும்பினார். மொழிபெயர்த்தவர் தொமா பிரான்சுவா தலிபார். மொழிபெயர்த்ததோடு நிற்காமல் அவர் மார்லியில் ஒரு தோட்டத்தில் கம்பியையும் நட்டார்.

கம்பியின் உயரம் 40 அடி, தடிப்பு ஓர் அங்குலம். மூன்று மரக்கம்பங்களில் பட்டுக்கயிற்றால் கட்டி நிமிர்த்தி வைத்தார்கள். அடியில் ஒரு பலகை. பலகைக்குக் கால்களாக வைன் போத்தல்கள். கம்பியில் சேரும் மின்சாரம் மண்ணுக்குள் ஓடிவிடாதபடி தடுக்கக் கண்ணாடியும் பட்டும் போதும் என்பது கணக்கு. பிரெஞ்சுக்காரர் வீட்டில் போத்தலுக்கா பஞ்சம்!

எல்லாம் தயார். ஆனால் இடி வந்த நாளில் தலிபார் பரிஸில் இருந்தார். காவலுக்கு அவர் விட்டுப்போனது குவாஃபியே என்ற தச்சரை. பல வருடம் குதிரைப்படையில் இருந்தவர், பயந்த ஆள் இல்லை. பிற்பகல் இரண்டேகால் தாண்டியதும் பலத்த இடி ஒன்று முழங்கியது. குவாஃபியே கம்பி செருகிய சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் இரும்பருகே நீட்டினார். சடசடத்துப் பொறி பறந்தது. மறுபடி நீட்டினார். முன்னதைவிடப் பெரிய பொறி. உடனே ஊர்ப் பாதிரியார் ரோலேயைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

பாதிரியார் தெருவில் விழுந்தடித்து ஓடுவதைப் பார்த்த ஊர்மக்கள், தச்சர் இடி விழுந்து செத்துப்போனார் என்றே நினைத்துவிட்டார்கள். ஆலங்கட்டி மழை கொட்டியும் பின்னாலேயே ஓடினார்கள். ரோலே குப்பியை வாங்கித் தானே பொறிகளை இழுத்தார்: நீலநிறம், ஒன்றரை அங்குல நீளம், கந்தக வாடை. நடுவில் முழங்கைக்கு மேலே ஓர் அடி விழுந்தது. சாட்டையால் அடித்தது போல் தோலில் தழும்பு. ஆர்வத்தில் அவருக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. நடந்ததையெல்லாம் அன்றே தலிபாருக்குக் கடிதமாக எழுதினார். அதை எடுத்துக்கொண்டு பரிஸுக்குப் போனவரும் குவாஃபியேதான்.

மே 13ஆம் திகதி தலிபார் அறிவியல் கழகத்தில் அறிக்கை வாசித்தார். ஐந்து நாள் கழித்து, பரிஸின் எஸ்த்ரபாத் சதுக்கத்தில் தெலோர் என்பவர் 99 அடிக் கம்பியை நிறுத்தி அதே பொறியைக் காட்டினார்.  

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரிய அந்தக் காலத்து வழக்கத்தைப் பார்க்கவேண்டும். இடி முழங்கும்போது நாம் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லி வளர்ந்தவர்கள். ஐரோப்பியர் கோயில் மணியை அடித்தார்கள். உயரமான கோபுரம், ஈரக் கயிறு, அதைப் பிடித்தபடி ஒரு மனிதர்! 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் மின்னல் விழுந்து 103 மணியடிப்பவர்கள் மாண்டதாக 1784இல் மியூனிக்கில் வெளிவந்த நூல் ஒன்று கணக்குச் சொல்கிறது.

குவாஃபியேயும் ரோலேயும் உயிரோடு வீடு திரும்பியது அதிர்ஷ்டம். கம்பியில் மின்னல் நேரடியாக விழவில்லை. மேலே நின்ற மேகத்தின் ஈர்ப்பில் இரும்பில் சேர்ந்த மின்சாரமே பொறியாய்த் தாவியது. மின்னலே இறங்கியிருந்தால், மண்ணைத் தொடாத அந்தக் கம்பியிலிருந்து அது போக இருந்த வழி பக்கத்தில் நின்ற மனித உடம்புதான்.

அதற்கு அடுத்த வருடம் அப்படியே நடந்தது. 1753 ஆகஸ்ட் 6, சென் பீற்றர்ஸ்பேர்க். பேராசிரியர் ரிக்மான் இடிச்சத்தம் கேட்டதும், கண்டதை வரைய சொகொலோவ் என்ற செதுக்கோவியரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவருடைய கம்பியும் மண்ணில் இறங்காத கம்பி. மின்சாரத்தை அளக்கும் கருவியைப் பார்க்கக் குனிந்தவரின் நெற்றியில் நீல நெருப்புத் தாக்கியது. நெற்றியில் ஒரு சிவந்த புள்ளி, கிழிந்த சப்பாத்து. ஆள் அங்கேயே போய்விட்டார். சொகொலோவ் மயங்கி விழுந்து பிழைத்தார்.

எனவே முதல் பெருமை பிராங்க்ளினுக்கு என்றால் யோசனைக்கு மட்டும் கொடுக்கலாம். செய்து பார்த்த பெருமை ஒரு தச்சருக்கும் ஒரு பாதிரியாருக்கும் உரியது. அவர்கள் தொட்டது இடிதாங்கியும் அல்ல. கம்பியை மண்ணுக்குள் ஆழமாக இறக்கினால்தான் அது இடிதாங்கி.

கோபுரக் கலசமே இடிதாங்கி, உள்ளே இட்ட வரகு மின்னலை விழுங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. நிலத்துக்கு இறங்கும் வழி இல்லாத கலசம் மின்னலுக்கு வெறும் செம்புதான். ஊரிலோ புலம்பெயர்ந்த நாட்டிலோ கோயில் திருப்பணிக்குக் காசு சேர்க்கும் நிர்வாகசபைகள், கலசம் வைக்கும்போதே அதனருகே ஒரு கம்பியையும் நட்டு, அதைத் தரைக்குள் இறக்கி, வருடத்துக்கு ஒருமுறை மின்பொறியாளரைக் கொண்டு சோதித்துவிட வேண்டும்.