பாரெட்டின் பெயர்

பல வருடம் நெஞ்செரிச்சலோடு காலம் தள்ளியவர்களின் எண்டோஸ்கோபி அறிக்கையில் சில சமயம் 'பாரெட்ஸ் ஈசோபேகஸ்' என்றொரு வரி இருக்கும். ஈசோபேகஸ் என்றால் உணவுக்குழாய். பாரெட் அதைக் கண்டுபிடித்தவர் என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது உணவுக்குழாயே இல்லை என்று வாதாடியவர் அவர்.

உணவுக்குழாயின் உட்புறம், வாயின் உட்புறத்தைப் போலவே, தட்டையான செல்கள் பல அடுக்காகப் படிந்தது. இரைப்பையில் தூண் மாதிரி நெட்டையான செல்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லை கண்ணுக்கே தெரியும். சிலருக்கு மட்டும் அந்தத் தூண் செல்கள் எல்லை தாண்டி மேலே ஏறியிருக்கும். அங்கே புண்ணும் வரும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். தட்டைச் செல் இருந்தால்தான் அது உணவுக்குழாய். தூண் செல் இருக்கும் பகுதி, பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையாக இருப்பதால் நெஞ்சுக்குள் இழுபட்ட இரைப்பை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகின சங்கதிதான். வரையறையை முதலில் எழுதிவிட்டு, அதில் அடங்காத டேட்டாவை வேறொரு டேபிளுக்குத் தள்ளிவிடுவது.

1953இல் லீட்ஸ் நகரத்து ஆலிசனும் ஜான்ஸ்டனும் மறுப்பு எழுதினார்கள். இரைப்பையின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வு இந்தப் பகுதியில் இல்லை. தசை உணவுக்குழாயின் தசை. அடியில் இருக்கும் சளிச்சுரப்பிகளும் உணவுக்குழாய்க்கே உரியவை. தூண் செல்களுக்கு நடுவே தட்டைச் செல்கள் தீவு தீவாக வேறு கிடந்தன. ஆக, உள்பூச்சுதான் வேறு, குழாய் அதே குழாய். இந்தக் கட்டுரை வெளிவந்த 'தோராக்ஸ்' இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? பாரெட்டேதான். எழுதியவர்களும் அவரைக் குத்திக்காட்டவில்லை. அந்தப் பகுதியில் வரும் புண்ணுக்கு 'பாரெட்டின் புண்' என்று பெயர் வைத்தார்கள்.

1957இல் பாரெட் ஒத்துக்கொண்டார். தூண் செல் படிந்த கீழ் உணவுக்குழாய் என்று அவரே எழுதினார். ஆனால் பிறவிக்கோளாறு என்ற எண்ணத்தை மட்டும் அவர் விடவில்லை.

என் அப்பாவின் அறிக்கையில் இந்தப் பெயர் வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது பொறந்ததுல இருந்தே இருக்காடா, இல்ல நானா வரவச்சுக்கிட்டதா?" பாரெட் விட்டுவைத்ததும் இதே கேள்விதான். 1970இல் ப்ரெம்னரும் சகாக்களும் நாய்களின் உணவுக்குழாயில் உள்பூச்சை உரித்தார்கள். அமிலம் மேலே எதுக்களித்த நாய்களில் அந்த இடத்தில் தூண் செல்களே முளைத்து வந்தன. பிறப்பில் வந்ததல்ல, அமிலத்தில் வெந்த இடம் தன்னைத்தானே மாற்றிக்கொண்டது. இதற்கு மெட்டாபிளேசியா என்று பெயர். பலருக்குக் குடலில் இருக்க வேண்டிய கோப்லெட் செல்கள்கூட அங்கே குடியேறிவிடும்.

இது வெறும் வரலாற்றுச் சண்டை இல்லை. இந்த மாற்றம் புற்றுநோய்க்குப் போகும் பாதையில் ஒரு படி. பெரும்பாலானோர் அடுத்த படிக்குப் போவதே இல்லை, வருடத்துக்கு நூற்றில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் பிறவியமைப்பு என்று விட்டிருந்தால் யாரும் திரும்ப எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாறிக்கொண்டிருக்கும் திசு என்று தெரிந்ததால்தான் இன்று சில வருடங்களுக்கு ஒருமுறை துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செல்கள் ஒழுங்கு குலையத் தொடங்கினால் எண்டோஸ்கோபி வழியாகவே அந்தப் பூச்சை அகற்றவும் முடிகிறது.

அப்பாவிடம் நாய்க் கதையைச் சொன்னேன். "அப்ப ராத்திரி லேட்டா சாப்புடறத நிறுத்தணும், அவ்ளோதானே?" என்றார். அதோடு அடுத்த பரிசோதனைத் தேதியையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.