தண்ணீருக்குக் கணக்கு உண்டு, மீனுக்கு?

ஒசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகத் தெற்கே போனால் காடு இறங்கிக்கொண்டே போய்க் காவிரிக் கரையில் முடியும். சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓரத்தில் காவிரி ஓடுகிறது என்பதே தெரியாது. அக்கரை கர்நாடகம். இந்த எல்லையில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. பெயரை எல்லோரும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். கர்நாடகம் விடும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அங்கேதான் அளக்கிறது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொஞ்சம் குறைந்தாலும் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும்.

அதே தண்ணீரில் வாழ்ந்த ஒரு மீனுக்கும் ஒரு காலத்தில் கணக்கு எழுதினார்கள். எழுதியவர்கள் தூண்டில்காரர்கள். அந்தக் கணக்கு எப்படித் தொடங்கியது, ஏன் நின்றது, நின்றதால் என்ன ஆயிற்று என்பதே இந்தக் கட்டுரை. சர்வீஸ் முழுவதும் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இந்தக் கதையில் எனக்குத் தனி அக்கறை.

மீனின் பெயர் மஹசீர். பொம்மீன், பூமீன் கெண்டை என்று பழைய நூல்களில் தமிழ்ப் பெயர் காணப்படுகிறது. கெண்டைக் குடும்பம்தான், ஆனால் உருவத்தில் அரக்கன். அதிலும் காவிரிக்கே உரிய இனம் ஒன்று உண்டு. முதுகில் காளை மாட்டைப் போல் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ. வேட்டையில் விழுந்த புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து கொடுத்த புகழ்பெற்ற குடும்பம் அவருடையது. அந்தக் காலத்தில் பெரிய மீன் என்றால் கொன்று, தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதுதான் பெருமை.

ஆங்கிலேயர்களுக்கு இந்த மீன் மீது வந்த மோகத்துக்குக் காரணம் சால்மன். அவர்கள் ஊரில் ஆற்றுத் தூண்டிலுக்கு ராஜா சால்மன்தான். கடலிலிருந்து ஆற்றில் ஏறி, நீரோட்டத்தை எதிர்த்துப் போய் முட்டையிடும். நம் மஹசீருக்குக் கடல் கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் புதுவெள்ளம் வந்ததும் அதுவும் மேல்நோக்கி ஏறிப் போய்தான் முட்டையிடும். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ்.தாமஸ், 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். சண்டை போடுவதில் சால்மனை விட மஹசீரே மேல் என்பது அவர் தீர்ப்பு. பிறகென்ன, காவிரிக்குத் துரைமார்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

தாமஸ் வெறும் பொழுதுபோக்குக்காரர் அல்லர். தென் கன்னடத்தில் கலெக்டர் வேலை பார்த்தபோது மீன்வளம் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். சிறு கண்ணி வலையில் குஞ்சுகளை வாரினால், ஆற்றில் விஷம் கலந்தால், ஆறு காலியாகிவிடும் என்பது அவர் கவலை.

இந்தக் கவலை புதிதல்ல. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் எங்கள் சரித்திரப் பாடத்தில் பெரிய ஆள். அவர் 1669இல் கொண்டுவந்த நீர்நிலை, வனச் சட்டத்தைப் பிற்காலத்தில் தேடி வாசித்தேன். கெண்டை, பார்போ போன்ற மீன்கள் கண்ணிலிருந்து வால் வரை 6 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஆற்றிலேயே திருப்பி விட வேண்டும் என்கிறது அது. மஹசீரை அக்காலத்து விஞ்ஞானிகள் அந்தப் பார்போ இனத்தில்தான் சேர்த்திருந்தார்கள். ஆற்றில் போடக் கூடாதவை என்று சுண்ணாம்பு, எட்டிக்கொட்டை என வரிசையாகச் சொல்லி, கூடவே ஒரு கொட்டையையும் சேர்த்திருக்கிறார்கள். அது வேறு எதுவுமல்ல, நம் பக்கத்துக் காக்கைக்கொல்லி விதை. இங்கிருந்து கப்பலேறிப் போய் பிரான்ஸ் நாட்டு மீனை மயக்கிக்கொண்டிருந்திருக்கிறது!

நம்மிடமும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. சிருங்கேரியில் துங்கைப் படித்துறையிலும், காவிரிக் கரையில் ராமநாதபுரா கோயில் துறையிலும் மஹசீர்களுக்குப் பொரி போடுவார்களே தவிர யாரும் தொட மாட்டார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு படித்துறையோடு சரி. அதற்குக் கீழே மீனுக்குக் காவல் இல்லை.

1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அன்றைக்கு 200 ரூபாய் பெரிய தொகை. ஆனால் காட்டு ஆற்றில் நின்று பார்த்துக் கேஸ் எழுத யார் இருந்தார்கள்? எங்கள் பக்கம் கல் குவாரிகள் நிறைந்த பூமி. தோட்டா கிடைப்பது கஷ்டமே இல்லை. 1980களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்த்தபோது, ஒரு வயதான பரிசல்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"வெடி போட்டா நாலு மீன் மெதக்கும் சார். அதத்தான் எடுத்துக்கினு போவாங்க. மிச்சம் அடியில போயிடும். குஞ்சு குளுவான் எல்லாம் சேத்து."

"நீங்க போட்டதில்லையாண்ணா?"

அவர் சிரித்தாரே ஒழியப் பதில் சொல்லவில்லை.

அணைகளின் பங்கும் உண்டு. மேலே கிருஷ்ணராஜசாகர், கீழே 1934இல் முடிந்த மேட்டூர். ஏறிப் போகிற மீனுக்கு இடையில் சுவர் எழுப்பியாயிற்று. நடுவில் சிவசமுத்திரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதிதான் அதற்குப் பெரிய புகலிடமாக மிஞ்சியது.

அந்த இடத்தில்தான் கதை திரும்பியது. 1972இல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கப்பட்டது. காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். 1978இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தூண்டில் குழு, பெரிய மஹசீர் இன்னும் இருக்கிறது என்று உலகுக்குக் காட்டியது. பிறகு கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரியில் முகாம் நடத்தியது. தொட்டமகலி, கலிபோரே என்று மேலும் முகாம்கள் வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் டாலரிலும் பவுண்டிலும் பணம் கட்டி வந்தார்கள். இரை என்ன தெரியுமா? நம் கேழ்வரகு மாவைக் களி போல் வேகவைத்துப் பிடித்த உருண்டை!

முகாமின் சட்டம் எளிமையானது. பிடித்த மஹசீரை எடை போட்டுப் படம் எடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகும் அளவு பூஜ்யம். முன்பு வெடி போட்டவர்களில் சிலரே முகாமில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். செத்த மீனை விட உயிருள்ள மீன் அதிகச் சம்பளம் தரும் என்று ஆனபோது, உபதேசம் தேவைப்படவில்லை.

நாக்கில் கொக்கி மாட்டி விளையாடிவிட்டு விடுவது என்ன தர்மம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மீனுக்கு அது விளையாட்டு அல்ல. ஆனால் தூண்டிலா, தூண்டில் இல்லாத ஆறா என்பது அன்றைய கேள்வியே அல்ல. தூண்டிலா தோட்டாவா என்பதுதான் கேள்வி.

எனக்கு இதில் பிடித்த விஷயம் முகாமின் பதிவேடு. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மீன், என்ன எடை, என்ன இனம் என்று கலிபோரேவில் தினமும் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பக்கங்களை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹசீர், அரைக் கிலோவுக்கும் குறைவானதிலிருந்து 46.8 கிலோ வரை. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி. வருஷத்துக்கு வருஷம் மீன் அதிகமாகவே கிடைத்தது.

இனவாரியாகப் பிரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பெருகியது நீலத்துடுப்பு மஹசீர். மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாடா நிறுவனம் 1970களிலிருந்து குஞ்சு பொரிக்க வைத்த இனம் அது. நல்லெண்ணத்தோடுதான் பல ஆறுகளில் விட்டார்கள், காவிரியிலும் விட்டார்கள். சொந்த ஊர்க்காரரான திமில் மஹசீரோ குறைந்துகொண்டே வந்தது. அகப்பட்டவையும் பெரும்பாலும் கிழடுகள், குஞ்சுகளைக் காணோம். குழந்தை இல்லாத கிராமம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்த எந்த அதிகாரியும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தனித்தனிக் காலம் போட்டு எழுதியதால்தான் தெரிந்தது.

ஆனால் 2012இல் முகாம்களில் தூண்டில் நின்றது. அந்தப் பகுதி 1987 முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்தில் வேட்டை கூடாது, பிடிப்பதும் வேட்டையே என்று பொருள் கொள்ளப்பட்டது. சட்டத்தின் எழுத்துப்படி அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் தூண்டில்காரரோடு அவர் தந்த காசும் போயிற்று, ஆற்றங்கரையில் இருந்த கண்ணும் போயிற்று, பதிவேடும் மூடப்பட்டது. தூண்டில்காரர் இருப்பதே கள்ள மீன்பிடிப்புக்குத் தடையாக இருந்தது என்று பிண்டரும் ராகவனும் 2013இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வாதாடினார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். உலகப் புகழ் பெற்ற இந்த மீனுக்கு அதுவரை உறுதியான விஞ்ஞானப் பெயரே கிடையாது! 2018இல்தான், கேரளத்தின் பாம்பாற்றில் முன்பே கண்டு பெயர் வைக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி'யும் இதுவும் ஒன்றே என்று நிறுவினார்கள். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனம் என்று அறிவித்தது. பெயர் வைத்த கையோடு அபாயப் பட்டியலில் இடம். இன்று தமிழ்நாட்டில் மோயாற்றில் இது மிஞ்சியிருப்பது ஓர் ஆறுதல்.

மீன்பிடிப்பை நிறுத்துவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்சில் லுவார் ஆற்றுப் படுகையில் 1994இல் சால்மன் பிடிப்பதை முற்றிலும் தடை செய்தார்கள். ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை. லுவாரின் உபநதியான ஆலியே ஆற்றில், விஷி நகரத்து அணைக்கட்டில் மீன் ஏறிப் போகப் படிக்கட்டு போல் ஒரு வழி கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். கடந்து போகும் சால்மனை அங்கே கேமரா வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். தடையும் உண்டு, கணக்கும் உண்டு. நாம் தடையை வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம்.

2022 நவம்பரில் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அக்கரையிலும் சரணாலயம், இக்கரையிலும் சரணாலயம். நடுவில் ஓடும் ஆற்றை இரு மாநிலங்களும் அங்குலம் அங்குலமாக அளக்கின்றன. அந்த அளவைக்குப் பக்கத்தில் மீனுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க எவ்வளவு செலவாகும்? தேதி, இடம், எடை, திமில் உண்டா இல்லையா. நான்கு காலம் போதும். எழுத வெளிநாட்டு நிபுணர் வேண்டாம், பரிசல்காரர்களுக்குக் கொஞ்சம் சம்பளம் கொடுத்தால் போதும்.

அரசு செய்கிற வரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். திமில் வைத்த கெண்டையைக் கடைசியாக எந்த வருஷம் பார்த்தார்கள், எந்த மடுவில், எவ்வளவு பெரியது என்று. சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முன்பதிவு எதுவும் இல்லாத இடத்தில் வாய்மொழியே முதல் பக்கம்.