காதிற் சீழும் மூளையிற் கட்டியும்

காதிற் சீழ் வடிதலைச் சிறுபிணி எனப் பலர் கருதுவர். ஆயின் நடுச்செவியின் கூரையாகிய எலும்பு மிக மெல்லியது. அதன்மேல் மூளை படிந்துள்ளது. செவிக்குப் பின்னுள்ள எலும்போ தேன்கூடு போன்று சிற்றறைகள் நிறைந்தது. அதற்கு அப்பால் சிறுமூளை உள்ளது. நாட்பட்ட சீழ் இவ்வெலும்புகளை அரித்துச் சென்று மூளையிற் கட்டியாகத் திரளுதலும் உண்டு. அவ்வாறு திரண்டதாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் நோயாளி பிழைத்தல் அரிது.

செவியின் பின்னெலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையை வைத்தியர் முன்னரே அறிந்திருந்தனர். எனினும் டென்மார்க்கு அரசரின் வைத்தியராகிய பேர்கர் என்பார் இச்சிகிச்சைக்குப்பின் 1791இல் இறந்தமையால், அது நெடுங்காலம் பழிப்புக்குள்ளாயிற்று. 1873இல் ஜேர்மனியைச் சேர்ந்த சுவார்ட்சே அதனைத் திருத்தி மீண்டும் நிலைநாட்டினார். எலும்பைத் திறக்கும் வழி பிறந்தது. மூளையைத் திறக்கும் துணிவு இன்னும் பிறக்கவில்லை.

அத்துணிவு கொண்டவர் ஸ்கொத்லாந்து நாட்டு வில்லியம் மக்கியூன் (1848–1924). கிளாஸ்கோவில் லிஸ்டரிடம் பயின்று, கிருமிகளை விலக்கிச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை உணர்ந்தவர் அவர். 1876இல் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் வந்தான். அவனுக்கு வந்தது செவிநோயன்று. இடப்புருவத்தின் மேற்பட்ட காயத்தின் விளைவு. வலப்பக்கம் வலிப்புற்றதையும் பேச்சு இழந்ததையும் கொண்டு, கட்டி மூளையின் எப்பகுதியில் உளதென்று மக்கியூன் வரையறுத்துரைத்தார். மண்டையைத் திறக்க உறவினர் உடன்பட்டிலர். சிறுவன் இறந்தான். இறந்தபின் இசைவு பெற்று, தாம் முன்னர்க் குறித்த இடத்தையே அவர் திறந்தார். சீழ் அங்கேயே இருந்தது. அறிவு சரியாயிருந்தும் உயிர் காக்கப்படவில்லை.

இத்தோல்வியால் அவர் மனந்தளரவில்லை. தலையின் குறுக்குவெட்டுகளை ஆராய்ந்து படநூல் ஒன்றை வெளியிட்டார். செவித்துளைக்கு மேலும் பின்னுமாக அமைந்த சிறு முக்கோணத்தைச் சத்திரவைத்தியருக்கு வழிகாட்டியாகக் குறித்தார். அஃது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. மூளைக்கட்டியில் நாடி மெதுவாதலையும் அவர் கூர்ந்து நோக்கினார். கட்டியை வடிப்பது மட்டும் போதாது. அது பிறந்த செவியெலும்பையும் துப்புரவு செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊற்று அடைபடாதவிடத்து, வடிகால் அமைத்து யாது பயன்?

1893இல் அவர் வெளியிட்ட நூல் வைத்திய உலகை வியப்பில் ஆழ்த்தியது. மூளைக்கட்டிக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 19 பேரில் 18 பேர் உயிர் பிழைத்திருந்தனர். அவற்றுட் பல செவிநோயின் வழி வந்த கட்டிகள். பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல். நோயாளர்க்குப் பயன்பட்டது 1940களில். மண்டையின் உட்புறத்தைக் காட்டும் கணினிக் கதிர்ப்படம் முதன்முதல் இலண்டன் மாநகரில் நோயாளி ஒருவருக்கு எடுக்கப்பட்டது 1971இல். இவ்விரண்டும் இல்லாத காலத்திலே, விரலும் விழியும் உடற்கூற்றறிவும் துணையாக அவர் இதனைச் சாதித்தார்.

இன்று மருந்தும் கதிர்ப்படமும் இவ்வாபத்தைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் மக்கியூன் வற்புறுத்திய நெறி மாறவில்லை: மூளையைக் காக்கும் சிகிச்சை செவியிலிருந்தே தொடங்கவேண்டும். நாட்பட்டுச் சீழ் வடியும் குழந்தையின் காதைப் புறக்கணியாதிருத்தலே அந்நெறியின் முதற்படியாகும்.