ஒரு பல்பு போனால்

எங்கள் பிளாட்டில் கிறிஸ்துமஸ் மரம் எதிர்வீட்டில் இருந்தது. அதற்கான விளக்குச்சரம் எங்கள் வீட்டில் இருந்தது. பசார் மாலாமில் வாங்கிய நூறு பல்புச் சரம். தீபாவளிக்கு எங்கள் ஜன்னல் கம்பியில் தொங்கும். டிசம்பர் பிறந்ததும் எதிர்வீட்டு ஆண்ட்டி வாசலில் நின்று, "லிப்லாப் இருக்காப்பா?" என்பார். மலாய்க்காரர்கள் பெருநாளுக்குக் கட்டும் மினுக்கு விளக்கின் பெயர் அது. பினாங்கில் எங்களுக்கும் அதுதான் பெயர்.

கொடுத்த சரம் ஒருமுறையும் உடனே எரிந்ததில்லை. அப்பாவும் எதிர்வீட்டு அங்கிளும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கி, மாற்றி, செருகிப் பார்ப்பார்கள். "ஒண்ணு போனா எல்லாமே போயிடுதே, எவன்டா இப்படிச் செஞ்சான்?" என்று அப்பா அலுத்துக்கொள்வார். பொறியியல் படித்த பிறகுதான் அந்த 'எவன்' யார் என்று தேடினேன்.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. 1882 செப்டம்பரில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் மின்சாரம் வழங்க ஆரம்பித்தது. அதே டிசம்பர் 22 அன்று, எடிசன் நிறுவனத்தின் துணைத் தலைவர் எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகளைக் கட்டினார். மரம் சுழன்றது. ஒவ்வொரு சுற்றிலும் விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. லிப்லாப் முதல் மரத்திலேயே இருந்திருக்கிறது! அதுவரை மரத்தில் மெழுகுவர்த்திதான், கூடவே தீப்பிடிக்கும் பயமும். ஜான்சன் பத்திரிகையாளரை அழைத்து மரத்தைக் காட்டினார். பண்டிகையோடு சேர்த்து அது ஒரு விளம்பரமும்தான்.

நம் பக்கத்தில் மின்சாரம் வேறு வாசல் வழியாக வந்தது. மலாயாவில் அதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1894, ரவாங். லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத் தொழிலுக்காகக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் டவுன் தெருக்களுக்கு அது வந்து சேர்ந்தது அடுத்த நூற்றாண்டில். ஆனால் பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென எழுந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தின் வரலாறு 1850களுக்குப் போகிறது. ஜான்சன் மரத்துக்கு முன்பே இந்த ஊரில் தமிழில் கிறிஸ்துமஸ் நடந்திருக்கிறது, மின்விளக்கே இல்லாமல்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்த 'எவன்' ஒரு ஆள் இல்லை, ஒரு கணக்கு. சின்ன பல்புக்குச் சின்ன வோல்ட்தான் தாங்கும். அதை நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டுமானால் பல்புகளை வரிசையாகக் கோத்து மின்னழுத்தத்தைப் பங்குபோட வேண்டும். பழைய அமெரிக்கச் சரங்களில் 15 வோல்ட் பல்புகள் எட்டு இருந்தன, மொத்தம் 120 வோல்ட். எங்கள் நூறு பல்புக்கு 240 வோல்ட், ஆளுக்கு 2.4. டிரான்ஸ்பார்மர் வேண்டாம், மெல்லிய வயர் போதும், விலை மலிவு. நியூயார்க் பணக்காரர் வீட்டு வேடிக்கை எங்கள் மாடிவரை ஏறியது இந்த மலிவினால்தான். அதற்குக் கொடுத்த விலை, ஒன்று போனால் எல்லாம் இருட்டு.

பின்னால் வந்த குட்டி பல்புகளுக்குள் ஷண்ட் என்ற மெல்லிய கம்பிச் சுற்று உண்டு. இழை அறுந்தால் அது மின்சாரத்துக்கு மாற்றுவழி தரும், மற்றவை எரியும். ஆனால் போன பல்பை மாற்றாமல் விட்டால் மிச்சப் பல்புகள் அதன் பங்கையும் சுமக்கும். பத்து போனால் ஆளுக்கு 2.4 இல்லை, 2.67. சீக்கிரம் சாகும். அங்கிள் போன பல்பு இடத்தில் சாக்லேட் தாளைச் சுருட்டி வைப்பார். அதிலும் இதே கதைதான், கூடவே ஷாக் ஆபத்து. நீங்கள் செய்யாதீர்கள்.

அங்கிள் இப்போது இல்லை. போன டிசம்பரில் ஆண்ட்டி அதே கேள்வியோடு வந்தார். எல்.இ.டி. சரம் வாங்கித் தருகிறேன் என்றேன். "பழசே போதும் லா," என்றார். சரம் எரியவில்லை. தொடாமலே மின்சாரத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்டரை வயர் ஓரமாக நகர்த்தினேன். பீப் நின்ற இடத்தில் இருந்த பல்பை மாற்றினேன். மரம் முழுக்க எரிந்தது.

ஆண்ட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ளயா? தேத்தண்ணி இன்னும் கொதிக்கவே இல்லையே."

அப்பா ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.