கொல்லிமலையில் வீட்டுக்கோழிக் காவல்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் செல்ல வேண்டும். கீழே நாமக்கல் சமவெளியில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் கூண்டுகளில் வளர்கின்றன. மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் நாட்டுக்கோழிகள் முற்றத்திலும் தோட்டத்திலும் மேய்கின்றன. கீழே உள்ள கோழி காட்டு விலங்கைக் காண்பதே இல்லை. மேலே உள்ள கோழிக்குக் கீரி, வைரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு எனப் பல எதிரிகள் உண்டு.

இந்த எதிரிகளிடமிருந்து கோழியைக் காக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. கோழியை எந்த நேரத்தில் எங்கே வைப்பது என்ற ஒழுங்கே அதன் அடிப்படை. எதிரியைக் கொன்று தீர்ப்பது அதில் முதன்மையான வழியாக இருந்ததில்லை.

சங்கப் பாடல்களில் கோழியும் வெருகும்

கொல்லிமலை கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஓரியின் வில்லாற்றலைப் பாடுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்தி, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது அப்பாடலின் செய்தி. இந்த ஐந்தில், வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் முட்டைக்கும் குஞ்சுக்கும் அஞ்சுவது உடும்புக்கு மட்டுமே.

வீட்டுக்கோழியின் நேரடிப் பகையாகச் சங்கப் பாடல்கள் காட்டுவது வெருகு. இது காட்டுப்பூனையின் பழைய பெயர். குறுந்தொகை 139இல் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியோரம் வெருகுகள் வந்ததைக் கண்டு, ஒடுங்க இடம் தெரியாமல் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பேடையை உவமையாக வைக்கிறார். குறுந்தொகை 107இல் தலைவி, விடியலில் கூவித் தன்னை எழுப்பிய சேவலை, வெருகின் குட்டிக்கு இரையாகுமாறு சபிக்கிறாள். புறநானூறு 326 இரவில் வெருகுக்கு அஞ்சிக் கத்தும் இளம்பேடையைக் காட்டுகிறது. பருத்தி வேலைக்காக எழுந்த பெண் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அந்தப் பேடை அமைதி அடைகிறது.

இப்பாடல்கள் கொல்லிமலையைப் பற்றியவை அல்ல. ஆனால் பிற்காலக் காவலின் கூறுகள் இவற்றில் தெளிவாக உள்ளன. ஆபத்து வரும் நேரம் அந்தி. ஆபத்து வரும் இடம் வேலி. தாய்க்கோழியின் குரல் முதல் எச்சரிக்கை. விளக்கோடு எழுந்து வரும் வீட்டுப் பெண் கடைசிக் காவல்.

கோழியின் காட்டு உறவு

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, கோழி வளர்ப்பு கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில் நடுத் தாய்லாந்தில் தொடங்கியிருக்கலாம் என்றும், நெல்லும் சிறுதானியமும் விளைந்த இடங்களுக்குக் காட்டுக்கோழிகள் இரை தேடி வந்ததே அதற்குக் காரணம் என்றும் கூறியது. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதிலிருந்து வந்தது என்பது 2008இல் கண்டறியப்பட்டது.

இந்தக் காட்டு உறவே கோழிக்குத் தற்காப்பு அறிவைத் தந்தது. இருட்டில் கோழிக்குப் பார்வை குறைவு. அதனால் அது அந்திக்கு முன்பே அடைய இடம் தேடும், விட்டால் மரக்கிளையில் ஏறிக்கொள்ளும். சேவல் வானில் வரும் எதிரிக்கு ஒரு குரலும் தரையில் வரும் எதிரிக்கு வேறொரு குரலும் எழுப்பும். பீட்டர் மார்லரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குரலை மட்டும் கேட்டே கோழிகள் அதற்கேற்ப நடந்துகொள்கின்றன என்று காட்டியது. வான்குரலுக்கு அவை மறைவிடம் நோக்கி ஓடுகின்றன. தரைக்குரலுக்குக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கின்றன. கோழி வளர்க்கும் பெண்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. அடுப்படியிலிருந்தே, வந்தது பருந்தா கீரியா என்று சொல்லக்கூடியவர்கள் கிராமங்களில் உண்டு.

பகல் எதிரியும் இரவு எதிரியும்

பகலில் வருபவை வைரி, பருந்து, காகம், கீரி, உடும்பு, சாரைப்பாம்பு. வைரியும் பருந்தும் காகமும் குஞ்சுகளைத் தூக்கும். கீரி வளர்ந்த கோழியையும் பிடிக்கும், முட்டையையும் உடைத்துக் குடிக்கும். இரவில் வருபவை காட்டுப்பூனை, புனுகுப்பூனை, மரநாய், நரி. மரநாய் மரமேறி என்பதால் கிளையில் அடையும் கோழியும் அதற்குத் தப்பாது.

இவை அனைத்தையும் வெறும் பகையாக உழவர்கள் கருதியதில்லை. கீரி பாம்பைக் கொல்லும். சாரையும் காட்டுப்பூனையும் எலியைத் தின்னும். சாமையும் தினையும் கேழ்வரகும் வீட்டில் சேமித்து உண்ட மலைமக்களுக்கு எலி, கோழித் திருடனைவிடப் பெரிய எதிரி. எனவே கோழியை மறைத்து வைத்து, எலி பிடிக்கும் விலங்கை அதன் போக்கில் விடுவதில் ஒரு கணக்கு இருந்தது.

காவல் முறைகள்

தமிழகக் கிராமங்களில் பொதுவாக உள்ள காவல் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது மறைப்பு. மூங்கில் சிம்பால் பின்னிய பஞ்சாரத்தைக் கவிழ்த்துத் தாயையும் குஞ்சுகளையும் அதனுள் அடைப்பர். பஞ்சாரத்தின் மேல் கல்லை ஏற்றி வைப்பதற்குக் காரணம் நாயும் கீரியும் அதைப் புரட்டிவிடும் என்பதே. மண்ணால் கட்டிப் பலகைக் கதவு வைத்த கோழிக்கூடு வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கும். அடைகாக்கும் கோழியின் கூடையை வீட்டுக்குள் வைப்பர்.

இரண்டாவது நேரம். பனியும் மேகமும் மூடும் மலையில் அந்தி விரைவாக இறங்கும். வெளிச்சம் இருக்கும்போதே ஒருபிடித் தானியம் இறைத்துக் கோழிகளை அழைத்து அடைத்துவிடுவது அன்றாட வேலை. காலையில் நன்றாக விடிந்த பிறகே கதவைத் திறப்பர்.

மூன்றாவது காவலாள். நாய், சேவல், குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழி ஆகிய மூன்றும் காவலர்களே. குஞ்சு வைத்திருக்கும் பேடை தன்னைவிடப் பெரிய பறவையையும் பாய்ந்து விரட்டும். அண்மைக் காலத்தில் சிலர் கினிக்கோழியையும் சேர்த்து வளர்க்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இப்பறவை புதிதாக எதைக் கண்டாலும் பெருங்குரல் எழுப்பும்.

கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிருப்பு. திடீர் மருத்துவச் செலவுக்கும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், கோயில் நேர்த்திக்கடனுக்கும், விருந்தாளிக்கும் உடனே உதவுவது அதுவே. ஒரு நாட்டுக்கோழி ஒருமுறை பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைகாக்கிறது. ஒரே இரவில் தாய் போனால் ஒரு பருவத்தின் சேமிப்பே போகிறது.

சட்டம் வந்த பின்

பிரிட்டிஷ் ஆட்சியில் புலி, சிறுத்தை போன்ற பெரிய விலங்குகளைக் கொன்றவர்களுக்கு அரசு பரிசளித்தது. அதே ஆட்சி கொண்டுவந்த 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காப்புக்காடுகளில் மக்களின் உரிமைகளைக் குறைத்தது. 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்கு விரிவான பொருள் தந்தது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் நஞ்சு வைப்பதும் வேட்டையே. கீரி, நரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, உடும்பு, வைரி, சாரை அனைத்தும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொன்றால் அது குற்றமல்ல என்று சட்டம் கூறுகிறது. கோழியைக் காக்கக் கொன்றால் அந்த விலக்கு இல்லை. காகம் மட்டும் தீங்குயிர்களுக்கான ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அட்டவணையையும் நீக்கியது.

சட்டத்தின் சுமை ஏழை வீட்டின் மேல் விழுகிறது என்ற குறை நியாயமானது. பறிபோன கோழியின் இழப்பை வீட்டுக்காரரே தாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் நஞ்சு வைப்பதால் பயன் குறைவு. அது காவல் நாயையும் கொல்லும். ஒரு கீரி இறந்தால் பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று வரும்.

நாமக்கல் கூண்டும் புதிய இனங்களும்

நாமக்கல் பண்ணைகளில் வளர்க்கும் கலப்பின வெள்ளை லெகார்ன் கோழி ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். அது அடைகாக்காது. காவலைக் கூண்டும் தொழிலாளியும் பார்த்துக்கொள்வதால், கோழியிடம் தற்காப்பு அறிவு இருக்க வேண்டிய தேவை அங்கில்லை. அதே கோழியை மலையில் திறந்துவிட்டால் அதன் வெண்ணிறமே எதிரிக்கு அடையாளமாகிவிடும்.

புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய இனங்கள் இதைக் கருத்தில் கொண்டவை. ஐதராபாத்தில் உருவான வனராஜா பல வண்ண இறகு கொண்டது. எதிரியின் கண்ணுக்கு எளிதில் படாதிருக்க அந்நிறம் உதவும். ஆனால் அதுவும் அடைகாப்பதில்லை. பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுக்குத் தாய் இல்லை, ஓடி ஒளிய இறக்கை இல்லை, எச்சரிக்கைக் குரலும் இல்லை. எனவே முதல் சில வாரங்கள் அதை அடைத்தே வளர்க்க வேண்டும். சில வீடுகளில் அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழியிடம் பிற இனத்தின் முட்டையை வைத்துப் பொரிக்கும் வழக்கமும் இதற்கு ஒரு தீர்வு.

இன்றைய நிலை

கொல்லிமலையில் சிறுதானிய நிலத்தின் பெரும்பகுதியை மரவள்ளியும் காபியும் மிளகும் பிடித்துவிட்டன. களத்தில் சிந்தும் சாமையும் தினையும் குறைந்தால், கோழி இரை தேடி வீட்டைவிட்டுத் தள்ளிப் போகிறது. காபிச் செடிகள் வீட்டை நெருங்கி வளர்ந்தால், காட்டுப்பூனைக்குப் பகலிலும் மறைவு கிடைக்கிறது.

இந்நிலையில் பழைய ஒழுங்குக்குச் சில புதிய பொருட்கள் வலுச்சேர்க்கின்றன. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, எதிரியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் கொண்ட உறுதியான சதுரக் கம்பிவலை வேண்டும். கீரியும் நரியும் தோண்டும் என்பதால், வலையை ஓர் அடியாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும் அல்லது தரையில் கல் பாவ வேண்டும். மரநாய்க்காகக் கூரையையும் மூட வேண்டும். கூட்டைச் சுற்றிச் சில அடி தூரம் புதர் இல்லாமல் வைத்தால், பதுங்கி வரும் விலங்கைக் கோழியே முன்னதாகப் பார்த்துவிடும்.

இவை எல்லாம் இருந்தும் அந்தியில் கதவைச் சாத்த மறந்தால் பயனில்லை. குறுந்தொகைப் பேடை தவித்தது, மாலையில் ஒடுங்க இடம் தெரியாததால்தான். கோழிக்கு அந்த இடத்தை உரிய நேரத்தில் காட்டிக் கொடுப்பதே இன்றும் காவலின் பெரும்பகுதி.