தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் அப்பா ஆக முடியுமா? என்னென்ன வழிகள்... எதில் கவனம் தேவை?

பைக் விபத்து, தென்னை மரத்தில் இருந்து தவறி விழுவது, கட்டட வேலையில் சாரம் சரிவது... இப்படி ஒரே நொடியில் தண்டுவடம் அடிபட்டு வீல்சேருக்கு வந்துவிடும் பலர் இளம் வயது ஆண்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் சொந்தபந்தம் மெல்ல ஒரு கேள்வியை எடுக்கும்: 'இனிமே குழந்தை பிறக்குமா?' பல தம்பதிகள் 'பிறக்காது' என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனா, மருத்துவம் சொல்வது வேற.

சிக்கல் எங்கே இருக்கிறது?

தண்டுவடம் அடிபட்டாலும் விதைப்பையில் விந்தணு உற்பத்தி நின்றுவிடுவதில்லை. நரம்புத் தொடர்பு அறுபடுவதால், பெரும்பாலான ஆண்களுக்கு உடலுறவின்போது விந்து வெளியேறுவதில்லை. அதாவது சரக்கு இருக்கு, வெளியே வர வழிதான் இல்ல. விறைப்புக்காகக் கொடுக்கப்படும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் இதைச் சரிசெய்யாது. அது வேறு பிரச்னை, இது வேறு.

விந்தணுக்களின் எண்ணிக்கை பலருக்கு இயல்பாகவே இருக்கும். ஆனால் நீந்தும் வேகம் குறைந்துவிடும். அடிபட்ட சில வாரங்களிலேயே இது நடந்துவிடும். அதன்பிறகு பெரிதாக மாறுவதில்லை. எனவே காயம் ஏற்பட்டு சில வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். மனைவியின் வயதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

விந்தணுவை எப்படி எடுக்கிறார்கள்?

1. அதிர்வுக் கருவி: ஆண்குறியின் நுனியில் வைத்து அனிச்சைச் செயலைத் தூண்டுவார்கள். காயம் டி10 பகுதிக்கு மேலே உள்ளவர்களுக்கு, அதாவது தொப்புளுக்கு மேலேயே உணர்வு நின்றுவிடுபவர்களுக்கு, பெரும்பாலும் பலன் தரும். காயம் அதற்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைவு.

2. மின்தூண்டல்: ஆசனவாய் வழியாகக் கருவியைச் செலுத்தி லேசான மின்சாரத்தால் தூண்டுவது. ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்வார்கள். உணர்வு மிச்சமிருப்பவர்களுக்கு மயக்க மருந்து தேவை.

3. அறுவை சிகிச்சை: விதைப்பையில் இருந்து நேரடியாக எடுப்பது. கிடைக்கும் விந்தணு குறைவு என்பதால், அடுத்து 'இக்சி' முறைதான் ஒரே வழி.

இந்த வரிசை முக்கியம். முதல் இரண்டையும் முயற்சிக்காமல் நேராக மூன்றாவதுக்குப் போனால், குறைந்த செலவில் முடிகிற வழிகள் அடைபட்டுவிடும்.

எடுத்த பிறகு?

விந்தணு போதுமான அளவு இருந்து, மனைவியின் கருக்குழாய்களும் நன்றாக இருந்தால், டாக்டரிடம் கற்றுக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச் மூலம் வீட்டிலேயே முயற்சிக்கலாம். அடுத்த கட்டம், கர்ப்பப்பைக்குள் விந்தணுவைச் செலுத்தும் ஐ.யு.ஐ. அதுவும் கைகொடுக்காவிட்டால் ஐ.வி.எஃப், இக்சி. கணவருக்கு சிறுநீர்த் தொற்று இருந்தால், அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

உஷார்... இதில் அலட்சியம் கூடாது!

காயம் டி6 பகுதியிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு, விந்து எடுக்கத் தூண்டும்போது ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். 'ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா' என்பது இதன் பெயர். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை ஆகியவை அறிகுறிகள். கவனிக்காவிட்டால் பக்கவாதம், ஏன் மரணம் வரைகூடப் போகலாம். அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, நேராக உட்கார வைக்க வேண்டும். அதனால்தான் முதல் முயற்சி டாக்டர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்கிறார்கள். சில்டெனாஃபில் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்க. அந்த நேரத்தில் நைட்ரேட் வகை மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மனைவிக்குக் காயம் என்றால்?

அடிபட்ட சில மாதங்களுக்கு மாதவிடாய் நிற்கலாம். திரும்பி வந்ததும் கருத்தரிக்கும் திறன் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், கால் நரம்பில் ரத்தக்கட்டு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பிரசவ வலி தெரியாமலேயே போகலாம் என்பதால் கடைசி வாரங்களில் அடிக்கடி பரிசோதனை அவசியம். காயம் டி6-க்கு மேலே இருந்தால், பிரசவத்தின்போதும் ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து உண்டு. தசை இறுக்கத்துக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தச் சிகிச்சைக்கு பெண் 21 வயதுக்கு மேல் 50-க்குள்ளும், ஆண் 21-க்கு மேல் 55-க்குள்ளும் இருக்க வேண்டும். மையம் பதிவு பெற்றதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரைப் பார்ப்பது?

முதலில் மறுவாழ்வு மருத்துவர், பிறகு சிறுநீரகவியல் மற்றும் கருத்தரிப்பு நிபுணர்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் சி.எம்.சி-யில் தனி மறுவாழ்வுப் பிரிவும் உள்ளன. போகும்போது காயம் எந்த மட்டத்தில் என்று எழுதிய பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லப்போவது அந்தக் காகிதம்தான்.